செவிக்கு இட்ட வேலி

நாவலப்பிட்டியிலிருந்து மலையேறும் புகையிரதம், வட்டவளையைக் கடந்து ஹற்றனை அடையுமுன் ஒரு சிறு நிலையத்தில் நின்று மூச்சு வாங்கும். அதுவே றொசல்ல. நிலையத்தின் இருமருங்கும் தேயிலை. தேயிலைக்கு மேலே லயங்கள். லயங்களுக்கு மேலே மீண்டும் தேயிலை. அதற்கும் மேலே எந்நேரமும் கரையக் காத்திருக்கும் மேகம். அவிசாவளையிலிருந்து நுவரெலியா செல்லும் பெருந்தெருவும் இவ்வழியே வளைந்து போகிறது. தெருவோரத்தில் நிற்பவனுடைய கைப்பேசி பேசும். அவனே இரண்டு மடிப்பு இறங்கி லயத்து வாசலுக்குப் போனால் அது ஊமையாகிவிடும். மலைநாட்டின் இந்தச் சாதாரண அனுபவத்திலிருந்து ஒரு சரித்திரத்தைத் தொடங்க விரும்புகிறோம்.

2021ஆம் ஆண்டு, கொள்ளைநோயினால் பாடசாலைகள் மூடிக்கிடந்த மாதங்களில் ஒரு நாள், ஹற்றன் நகரிலே கைப்பேசி பழுது பார்க்கும் சிறு கடையொன்றில் நாம் நின்றிருந்தோம். றொசல்லப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவர் தம் மகளுடன் வந்தார். மகள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிப்பவள். தாய் வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண். அவ்வூர்ப் பழைய பொருட் சந்தையில் வாங்கி, தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பிய கைப்பேசி ஒன்றைத் தகப்பனார் மேசைமீது வைத்தார். பளபளப்பான பொருள், பெயர் பெற்ற கம்பெனியின் செய்பொருள். ஆனால் பேச்சு மட்டுமே வந்தது. பாடம் வரவில்லை.

"பொட்டி நல்ல பொட்டிதான், தம்பி. புள்ளைக்குப் பாடம் மட்டும் வரமாட்டேங்குது" என்றார் அவர்.

கடைக்கார இளைஞர் பின்மூடியைப் புரட்டி, எழுத்துகளை வாசித்துவிட்டுச் சொன்னார்: "இது அமெரிக்காவுக்குச் செஞ்ச போன், அண்ணே. நம்ம ஊரு கோபுரம் பேசுற அலவரிசை இதுக்குக் கேக்காது. வேற ஊரு சொஃப்ட்வெயர் அடிச்சுப் பார்ப்போம்."

நல்ல செவியுள்ள பொருளுக்கு ஏன் கேட்கவில்லை? அதன் செவிக்கு வேலியிட்டவர் யார்? வேலியைப் பிரிக்க ஒரு சிற்றூர்க் கடைக்காரர் முனைவது குற்றமா, கலையா? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால், அது மின்னணுச் சில்லிலே தொடங்கி நூற்றாண்டுகால அரசியலிலே போய் முடிகின்றது.

*

முதலில் விஞ்ஞானத்தைச் சிறிது பார்த்துக்கொள்வோம். கைப்பேசியினுள்ளே இரண்டு மூளைகள் உண்டு. ஒன்று நாம் காணும் படங்களையும் எழுத்துகளையும் ஆள்வது. மற்றொன்று நம் கண்ணுக்குத் தோன்றாமல், கோபுரத்தோடு மட்டும் உறவாடுவது. இதனையே மோடம் என்பர். இதற்கென்று தனியே ஓர் ஆணைத்தொகுதி எழுதப்பட்டுச் சில்லினுள் பதிக்கப்பட்டிருக்கும். எந்தெந்த அலைவரிசையைத் தேடுவது, எதை விடுவது, எவ்வளவு வலிமையோடு குரல் கொடுப்பது என்பன யாவும் அதில் அடங்கும். பழைய தொகுதியை அகற்றிப் புதியதைப் பதிப்பதையே கடைத்தெருவில் 'ஃபிளாஷ் அடிப்பது' என்றும் 'சொஃப்ட்வெயர் அடிப்பது' என்றும் வழங்குகின்றனர்.

ஆணைத்தொகுதி மட்டும் இருந்தால் போதாது. அன்டெனாவுக்கும் மோடத்துக்கும் இடையே வடிகட்டிகளும் ஒலிபெருக்கிகளை ஒத்த பெருக்கிகளும் உள்ளன. வடிகட்டி என்பது ஒரு குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் உள்ளே விட்டு ஏனையவற்றைத் தடுக்கும் வாயிற்காவலன். காவலன் நிற்கும் வாயிலும், மூளையிலுள்ள ஆணையும் பொருந்தினாலன்றிக் கைப்பேசி கேளாது. ஆகவே வேலி இரு வகைப்படும். ஒன்று பொருளால் ஆனது, வடிகட்டியே இல்லாமை. மற்றொன்று எழுத்தால் ஆனது. வடிகட்டி இருந்தும் ஆணை மறுத்தல். முதலாவதை எந்தக் கெட்டிக்காரராலும் மென்பொருள் கொண்டு நீக்க முடியாது. இரண்டாவதை நீக்கலாம். இவ்வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்துதல் வேண்டும். பின்னால் இது பயன்படும்.

மலைக்கும் அலைக்கும் உள்ள உறவையும் சொல்லியாக வேண்டும். 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர். 1800இல் அது 17, 2100இல் 14. நீண்ட அலை முகட்டின் விளிம்பில் சற்றே வளைந்து பள்ளத்துள் இறங்கும். இலையையும் சுவரையும் ஓரளவு ஊடுருவும். குறுகிய அலையோ நேர்கோட்டை விரும்புவது. முகடு குறுக்கிட்டால் அங்கேயே நின்றுவிடும். சமவெளி நகரத்தில் இவ்வேறுபாடு பெரிதாய்த் தோன்றாது. றொசல்ல போன்ற மடிப்பு நிலத்திலோ ஒரு கைப்பேசி எந்த அலைவரிசையைக் கேட்கவல்லது என்பது, அது பேசுமா, வெறும் கண்ணாடித் துண்டாய்க் கிடக்குமா என்பதையே நிர்ணயித்துவிடுகிறது.

*

இம்மலைகளில் செய்தி என்பது தொடக்கத்திலிருந்தே மேலிருந்து கீழே இறங்கிய ஒன்று. விடியுமுன் தப்பு ஒலிக்கும், லயம் விழிக்கும், தொழிலாளர் பிரட்டுக்களத்திலே நிரை நிரையாய் நிற்பர். அந்த ஓசைக்கு மறுமொழி சொல்லும் கருவி எதுவும் லயத்தில் இருந்ததில்லை. 1858இல் கொழும்புக்கும் காலிக்குமிடையே தந்திக்கம்பி ஓடத் தொடங்கிற்று. 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹற்றனுக்கும், 1885இல் நானு ஓயாவுக்கும் இருப்புப்பாதை வந்தது. தந்தியும் பின்னர் தொலைபேசியும் துரைமாரின் பங்களாக்களை இலண்டனிலுள்ள தேயிலைச் சந்தையோடு இணைத்தன. பங்களாவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த லயத்துக்கு இராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ தாய் இறந்த செய்தி வந்து சேர மாதங்கள் பிடித்தன.

தொழிலாளரை ஓரிடத்தில் கட்டிவைக்கவும் எண்ணிட்டு அறியவும் அக்காலத்து முதலாளித்துவம் கண்ட உபாயங்களை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். ஒன்று 'துண்டு'. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக விரும்புவோரின் கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. கடனை மற்றத் தோட்டம் செலுத்தினாலன்றி அவர்களுக்கு விடுதலை இல்லை. 1921இலேதான் சட்டம் இம்முறையை ஒழித்தது. மற்றொன்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகர டிக்கட். மாவட்டத்தின் எழுத்தும் தோட்டத்தின் இலக்கமும் பொறித்த தகரவில்லையைக் கழுத்தில் மாட்டியே கடல் கடந்து வந்தவர் மலையேற்றப்பட்டனர்.

இன்றைய கைப்பேசிக்குள்ளும் 15 இலக்கமுள்ள ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. தவணைக் கடன் தீரும்வரை அதனை ஒரே கம்பெனியின் சேவைக்குப் பூட்டிவைக்கும் வழக்கமும் மேனாடுகளில் உண்டு. மனிதரைப் பூட்டுவதும் பொருளைப் பூட்டுவதும் ஒன்றாகா. அவ்வாறு கூறுவது முன்னோர் பட்ட துயரத்தைச் சிறுமைப்படுத்துவதாகும். எனினும், கடனையும் எண்ணையும் கொண்டு வேலி கட்டும் புத்தி பழையது என்பதை மறத்தல் இயலாது.

*

வானத்திலே வேலி எப்போது எழுந்தது? கம்பியில்லாத் தந்தி பிறந்த சில ஆண்டுகளிலேயே எழுந்துவிட்டது. 1906இல் பெர்லினில் வல்லரசுகள் கூடி முதல் ஒப்பந்தம் செய்தன. 1912இல் 'டைட்டானிக்' கப்பல் மூழ்கிய பின் இலண்டனில் மீண்டும் கூடின. 1927இல் வாஷிங்டனில் அலைவரிசைகள் இன்ன இன்ன தொழிலுக்கு என அட்டவணையிட்டன. 1947இல் அட்லாண்டிக் சிற்றி மாநாடு கூடியபோது உலகமே மூன்று வலயங்களாகக் கூறிடப்பட்டிருந்தது. ஐரோப்பாவும் ஆபிரிக்காவும் ஒன்று. அமெரிக்கக் கண்டங்கள் இரண்டு. நம் ஆசியாவும் பசிபிக் தீவுகளும் மூன்று. இலங்கை அப்போது சுதந்திரம் பெறவில்லை. கப்பலும் விமானமும் ஒன்றன் குரலை மற்றொன்று அழித்துவிடாமல் காக்க இத்தகைய ஒழுங்கு அவசியந்தான். ஆனால் ஒழுங்கு வகுத்த மேசையைச் சுற்றி யார் அமர்ந்திருந்தனர் என்பதும் சரித்திரத்தின் பகுதியே.

1925 டிசம்பரில் கொழும்பு வானொலி தோன்றிற்று. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர் அதற்கு வித்திட்டவர். இரண்டாம் உலகப்போரின்போது தென்கிழக்காசியப் படைத்தலைமைக்கென நிறுவப்பட்ட நிலையம், அதன் வலிமை மிக்க சிற்றலை ஒலிபரப்பியோடு போருக்குப் பின் இலங்கையின் கைக்கு வந்தது. 1949இல் 'இலங்கை வானொலி' அதன் வாரிசானது. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடலுக்குத் தடை போன்றதொரு கட்டுப்பாட்டை விதித்தபோது, இந்திய உபகண்டத்து மக்கள் செய்தது யாது? மனு எழுதவில்லை, வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பினர். முள் நகர்ந்தது; கொழும்பு பேசிற்று. டில்லி 1957இல் 'விவித பாரதி' என்னும் புதுச் சேவையைத் தொடங்க நேர்ந்ததில் அந்தக் குமிழுக்குப் பெரும் பங்குண்டு.

குமிழ் கேட்பவர் கையில் இருந்தது என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டிய செய்தி. எந்தக் கம்பெனி பெட்டியைச் செய்தாலும், முள்ளை நகர்த்தும் உரிமை விரலுக்கு இருந்தது. அந்த உரிமைக்கும் பல நாடுகளில் வேலி இடப்பட்டது. 1933இல் ஹிட்லரின் ஜெர்மனி மலிவான 'மக்கள் வானொலி'யை வெளியிட்டது. அதிலே மத்திய அலையும் நெட்டலையும் இருந்தன; தூரதேசக் குரலைக் கொணரும் சிற்றலை இல்லை. 1939 செப்டெம்பரில் அந்நிய நிலையங்களைக் கேட்பதே தண்டனைக்குரிய குற்றமாயிற்று. சோவியத் நாட்டிலும் உள்ளூரில் விற்ற பெட்டிகள் 25 மீற்றருக்குக் கீழ்ப்பட்ட சிற்றலைகளைக் கேளாதவாறு செய்யப்பட்டன; ஏற்றுமதிக்கான பெட்டிகளிலே அவை இருந்தன. அங்கே கைத்திறன் உள்ளோர் கம்பிச்சுருளை மாற்றிச் சுற்றி, 19, 16, 13 மீற்றர்களைக் கேட்டனர். ஹற்றன் கடைக்கார இளைஞரின் மூத்த சகோதரர்கள் இவர்களே எனலாம். வேலியிட்டது எக்கொடியாயினும், கம்பிச்சுருளைச் சுற்றிய கை ஒன்றே.

வேலியிடுவோருக்குத் தீய எண்ணம் இருத்தல் வேண்டுமென்பதில்லை, அசட்டையே போதும். வெப்பமண்டல நாடுகளில் இடியும் மின்னலும் மத்திய அலையைக் குலைத்தமையால் 60, 90, 120 மீற்றர்களை அந்நாடுகளின் உள்ளூர் ஒலிபரப்புக்கென சர்வதேச மாநாடுகள் ஒதுக்கின. ஆனால் ஐரோப்பிய வீடுகளுக்கெனச் செய்த பெட்டிகள் பலவற்றில் அவ்வரிசைகள் இடம்பெறவில்லை. நமக்குப் பயனற்ற நெட்டலையோ தவறாமல் இருந்தது. விற்பவருடைய கண் சந்தையின் பெரும்பகுதியைப் பார்க்குமேயன்றி, கடைசி லயத்தைப் பார்ப்பதில்லை. இதற்கு மாறானதொரு முயற்சியும் அக்காலத்திலேயே நிகழ்ந்தது. 1949இல் வட ரொடீஷியாவின் தகவல் அதிகாரி ஹரி ஃபிராங்ளின், மின்சாரமில்லாத ஆபிரிக்கக் குடிசைக்கு ஏற்ற மலிவான மின்கலப் பெட்டியொன்றைச் செய்து தருமாறு கம்பெனிகளை நச்சரித்தார். ஒருவாறு ஒரு கம்பெனி இணங்கிற்று. சமையற் சட்டி வடிவிலே அமைந்தமையால் அதற்குச் 'சட்டி வானொலி' என்றே பெயர் வந்தது. ஏழைக்கென்று எண்ணிச் செய்தால் செய்ய முடியும் என்பதற்கு அச்சட்டியே சாட்சி.

*

கையடக்கத் தொலைபேசியின் காலத்தில் குமிழ் மறைந்துபோயிற்று. கேட்பவர் விரலில் இருந்த உரிமை ஆணைத்தொகுதிக்குள் புகுந்து, செய்பவர் வசமாயிற்று.

அமெரிக்காவில் 1983இல் சிக்காகோ நகரில் வர்த்தகரீதியான செல்லிடத் தொலைபேசி தொடங்கியபோது, அதற்கு 800 மெகாஹேர்ட்ஸை ஒட்டிய பகுதி தரப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடி 900ஐத் தேர்ந்தன. 1987இல் அதற்கெனச் சட்டமே இயற்றின. 1991இல் ஃபின்லாந்தில் ஜி.எஸ்.எம். முறையில் முதல் அழைப்பு நிகழ்ந்தது. பின்னர் ஐரோப்பா 1800ஐச் சேர்த்துக்கொண்டது. அமெரிக்கா 1900ஐ ஏலத்தில் விற்றது. இதன் விளைவு அடுத்த தலைமுறையிலும் தொடர்ந்தது. உலகின் பெரும்பகுதி மூன்றாந் தலைமுறைக்கு 1920 முதல் 1980 வரையுள்ள பகுதியைக் கைப்பேசியின் குரலுக்கென ஒதுக்கியபோது, அமெரிக்காவில் அந்நிலம் முன்னரே விற்றுத் தீர்ந்திருந்தது. ஒரே வானம், ஆனால் இரண்டு பட்டா. இவ்வாறு வயல் வரப்பு மாறியமையால் இரு பக்கத்துக் கைப்பேசிகளும் மாறின.

இலங்கை இவற்றுள் ஐரோப்பிய வழியைப் பின்பற்றிற்று. தென்னாசியாவின் முதற் செல்லிடத் தொலைபேசிச் சேவை 1989இல் கொழும்பிலேதான் தொடங்கியது. 1995இல் ஜி.எஸ்.எம். வந்தது, 900உம் 1800உம் பேசின. 2006இல் மூன்றாந் தலைமுறை 2100இல் வந்தது; 2013 அளவில் நான்காந் தலைமுறை பெரிதும் 1800ஐ நம்பி வந்தது. இடையிலே, 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில், சி.டி.எம்.ஏ. என்ற முறையில் இயங்கிய கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிகள் பரவின. கம்பி இழுக்க எவரும் முன்வராத இடங்களுக்குள்ளும் நுழையக்கூடிய தொலைபேசிகள் அவை. அக்கருவிகள் வேறு எந்த முறையின் குரலையும் கேளா. அந்தச் சேவை ஓய்ந்ததும் அவை பயனற்றுக் கிடந்தன. ஏழை தன் சேமிப்பைப் போட்டு வாங்கும் கருவிக்கு ஆயுளை நிர்ணயிப்பது அதன் உறுதி அன்று. எங்கோ செய்யப்படும் ஒரு தீர்மானமே.

வடிகட்டி இருந்தும் ஆணை மறுத்த கதைக்கு உலகறிந்த உதாரணம் ஒன்றுண்டு. 2012 நவம்பரில் கூகுள் நிறுவனம், எல்.ஜி. செய்த 'நெக்ஸஸ் 4' என்ற கைப்பேசியை வெளியிட்டது. இது மூன்றாந் தலைமுறைக்குரியது என்றே விளம்பரம் கூறிற்று. வாங்கியவர்களோ ஒரு மறைவான பட்டியலைத் திறந்து, நான்காந் தலைமுறையின் நாலாம் இலக்க அலைவரிசையை இயக்கிப் பார்த்தனர். கனடாவில் அது வேலை செய்தது! பொருள் உள்ளே இருந்தது. ஆணை மட்டுமே மூடியிருந்தது. 2013 பெப்ரவரியில் வந்த புதிய பதிப்பு அந்த வாயிலை அடைத்தது. கைத்திறன் மிக்கோர் பழைய மோடம் தொகுதியைத் தேடிப்பிடித்து மீண்டும் பதித்து வாயிலைத் திறந்தனர். அந்த அலைவரிசைக்கு அக்கைப்பேசி சோதித்து அங்கீகரிக்கப்படவில்லை என்பதே மூடியதற்கான நியாயம். நியாயமே, எனினும், காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் என்ன இருக்கிறது என்பது வாங்கியவருக்கே சொல்லப்படவில்லை என்ற உண்மையும் அப்படியே நிற்கிறது.

அமெரிக்காவில் வேறொரு பூட்டைக் குறித்துப் பெரும் வழக்கே எழுந்தது. ஒரு கம்பெனியின் சேவைக்குப் பூட்டிய கைப்பேசியை உரியவரே திறப்பது, 2013 ஜனவரி முதல் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ்ச் சட்டவிரோதமாயிற்று. நூல்களையும் பாடல்களையும் காக்க எழுந்த சட்டம் ஒரு தொலைபேசியின் பூட்டைக் காக்கப் புறப்பட்டது விந்தையே. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மனுவில் ஒப்பமிட்டனர். 2014 ஆகஸ்டில் அவ்வுரிமையை மீட்டளிக்கும் சட்டம் நிறைவேறிற்று. மக்கள் குரல் கொடுத்தால் பூட்டும் இளகும் என்பதற்கு இஃது ஓர் அண்மைச் சான்று.

*

எதிர்வாதத்தையும் நேர்மையோடு கேட்போம். அலைவரிசை பொதுச் சொத்து. பிழையான ஆணை பதித்த கருவி அயலவர் சேவையைக் கெடுக்கலாம். விமானத்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் உரிய குரலைக் குழப்பலாம். ஆதலின் செய்பவர் பூட்டுவது பொதுநலத்துக்கே என்பர். இதில் உண்மையுண்டு. அளவு திருத்தப்படாத பெருக்கி, தன் எல்லைக்கு வெளியேயும் சத்தமிடும். ஆனால் முழு உண்மை இதுவன்று. செல்லிடக் கைப்பேசி தானாகக் கூவுவதில்லை. கோபுரத்தின் அழைப்பை முதலில் கேட்டு, அது அனுமதித்த வரிசையிலேயே மறுமொழி சொல்லும். நாட்டின் அரசு அனுமதித்துக் கோபுரம் பேசிக்கொண்டிருக்கும் வரிசையை ஒரு கைப்பேசி கேட்க விரும்புவது எவருடைய சேவையைக் கெடுக்கும்? பல சந்தர்ப்பங்களில் பூட்டுக்குக் காரணம் இடையூறு பற்றிய அச்சம் அன்று. சந்தைக்கொரு மாதிரி செய்து, விலைக்கொரு நாடு வகுத்து, ஒன்றை மற்றொன்றிடத்தில் விற்கவிடாமல் காக்கும் வியாபாரக் கணக்கே காரணம்.

பூட்டைத் திறப்பது ஆபத்தில்லாத வேலையும் அன்று. பொருந்தாத தொகுதியைப் பதித்தால் கைப்பேசி செங்கல்லாகிவிடும். முன்னர்க் கூறிய 15 இலக்க எண்ணும் அளவுத் திருத்தங்களும் தங்கியிருக்கும் நினைவுப்பகுதி அழிந்தால், கருவி எந்தக் கோபுரத்துக்கும் அந்நியமாகும். அவ்வெண்ணை வேறொன்றாக மாற்றுவதோ திருட்டுக்குத் துணைபோவது. பல நாடுகளில் குற்றம். எனவே தொழில் தெரிந்தவர் முதற்காரியமாக அந்நினைவுப்பகுதியைப் படியெடுத்து வைத்துக்கொள்வார். அதன் பின்னரே கைவைப்பார்.

ஹற்றன் இளைஞரும் அவ்வாறே செய்தார். படியெடுத்தார். அதே மாதிரியின் ஆசியப் பதிப்புக்குரிய மோடம் தொகுதியைக் கம்பிவழி பதித்தார். பட்டை நிறைந்தது; கைப்பேசி விழித்தது. 1800ஆம் வரிசை பட்டியலில் தோன்றிற்று. மகளின் கண்கள் மலர்ந்தன. நிமிடங்கள் கழிந்தன. பட்டியலில் தோன்றிய வரிசை காதில் விழவில்லை. அமெரிக்கப் பதிப்பின் பலகையில் அதற்குரிய வடிகட்டியே வைக்கப்படவில்லை. எழுத்தால் ஆன வேலியைப் பிரித்தவர், பொருளால் ஆன வேலியின்முன் கைகட்டி நின்றார். பழைய தொகுதியை மீளப் பதித்து, எண் சரியாயிருக்கிறதா என்று பார்த்து, கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

அதே மேசையில் வேறொரு கைப்பேசி கிடந்தது. அதன் பலகை எல்லா நாட்டுக்கும் பொதுவானது. ஆணை மட்டுமே குறுக்கப்பட்டிருந்தது. முதல் நாள் அதனைத் திறந்துவிட்டதாகச் சொல்லி, அதில் பாடப் படம் ஓடுவதைக் காட்டினார். அருகருகே கிடந்த அவ்விரண்டும் நமக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தன. கைத்திறன் எதுவரை செல்லும் என்பதற்கும், கைத்திறன் எட்டாத இடத்தில் சமுதாயத்தின் தீர்மானமே வேண்டும் என்பதற்கும் அவை சாட்சிகள்.

"அம்மாகிட்டப் பேசவாவது ஆவுதே, அது போதும்" என்று சொல்லித் தகப்பனார் கைப்பேசியைத் துணியில் சுற்றிக்கொண்டார். மகள் ஒன்றும் சொல்லவில்லை.

*

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபா என வர்த்தமானி அறிவித்தது. அதுவும் நீண்ட போராட்டத்தின் பயன். அந்தக் கூலியில், வேலை கிடைக்கும் நாட்களைக் கணக்கிட்டால், நல்ல புதுக் கைப்பேசி ஒன்று மாதக் கூலியை முழுதாக விழுங்கும். மறு ஆண்டில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. ஆகவே கடல் கடந்து வரும் பழைய கைப்பேசி லயத்துக்கு ஆடம்பரம் அன்று, வகுப்பறையின் கதவு. அக்காலத்தில் மலைநாட்டிலும் ஊவாவின் பின்தங்கிய கிராமங்களிலும் பிள்ளைகள் பாறை ஏறியும் மரம் ஏறியும் சமிக்ஞை தேடியதைச் செய்தித்தாள்கள் படம் போட்டுக் காட்டின. பார்த்தவர்கள் அவர்களுடைய ஆர்வத்தை மெச்சினர். மெச்சத் தக்கதே. ஆனால் ஒரு குழந்தை பாடம் கேட்க மரம் ஏற வேண்டியிருப்பது, மரத்தின் அடியில் நிற்கும் நம் எல்லோருக்கும் வெட்கம்.

வேண்டுவன மிகப் பெரியவை அல்ல. கைப்பேசியின் பெட்டிமீது அது கேட்கும் அலைவரிசைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடச் செய்யலாம். பொருளில் உள்ள வாயிலை ஆணை கொண்டு மூடுவதை, நாட்டின் அரசு அனுமதித்த வரிசைகளைப் பொறுத்தவரையிலாவது தடுக்கலாம். அலைவரிசையை ஏலத்தில் விற்று அரசு பெறும் பணத்துக்கு ஈடாக, முகட்டுக்கு அப்பாலுள்ள லயங்களுக்கும் நீண்ட அலையில் கோபுரம் பேசவேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். சிறு நாடு பெரிய கம்பெனிக்கு முன் என்ன செய்யும் என்று கேட்போருக்குச் சரித்திரமே விடை சொல்லும். 2010இல் ஆசிய பசிபிக் நாடுகள் ஒன்றுகூடி, 700 மெகாஹேர்ட்ஸ் பகுதிக்கு அமெரிக்கத் திட்டத்தை விட்டுத் தமக்கென ஒரு திட்டம் வகுத்தன. இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவும் அதனையே ஏற்றன. சந்தை பெரிதாயிற்று, கம்பெனிகள் தம் கைப்பேசிகளில் அதற்கு இடம் வைத்தன. 1947இல் மேசைக்கு வெளியே நின்றவர்கள், 63 ஆண்டுகளுக்குப் பின் தாமே மேசையிட்டு அமர்ந்ததன் பயன் அது.

தப்பு ஒலித்த காலத்தில் லயம் கேட்டது. மறுமொழி சொல்லும் வழி இருக்கவில்லை. வானொலிக் காலத்தில் குமிழைத் திருப்பி, விரும்பியதைக் கேட்டது. இன்று கேட்கவும் பேசவும் வல்ல கருவி லயத்துக்குள் வந்துவிட்டது. அதன் குமிழோ வெகுதூரத்தில் யாரோ எழுதிய ஆணைக்குள் அகப்பட்டுக் கிடக்கிறது. அக்குமிழை மீட்கும் முயற்சியில் ஹற்றன் நகரத்து இளைஞர் தம் பங்கைச் செய்துவிட்டார். அவர் கை எட்டாத பங்கு நம்முடையது.

மாலையில் றொசல்ல நிலையத்தில் இறங்கியபோது மழை தொடங்கியிருந்தது. துணிச்சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு தகப்பனாரும் மகளும் தேயிலைக்கிடையே மேடேறிப் போனார்கள். அந்தச் சிறுமிக்கு அடுத்த நாளும் பாடம் இருந்தது.